வேகம் டிரைவில், வலு பேக் கியரில்: பழைய லேத்துக்கு ஏசி டிரைவ்



பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். நூற்பாலை ஓட ஆரம்பித்தால் ஷாஃப்ட் தேயும், புஷ் தேயும், பல்சக்கரத்தில் பல் போகும். ஒவ்வொன்றுக்கும் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆலைகள் பெருகின, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் பெருகின, மலையடிவாரத் தோப்புகளில் பம்புசெட்டுகள் வந்தன. இவற்றைப் பழுது பார்க்க ராஜபாளையத்திலும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் லேத் பட்டறைகள் வேரூன்றின. இன்றைய உரை அந்தப் பட்டறைகளில் நிற்கும் பழைய லேத்தைப் பற்றியது. அதன் மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏசி டிரைவ் ஒன்றைப் பொருத்தினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதுதான் பேச்சு.

பழைய லேத் என்றதும் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டியதில்லை. நல்ல வார்ப்பிரும்பில் செய்த பெட், காலப்போக்கில் உள்ளே இருந்த இறுக்கமெல்லாம் தளர்ந்து, இனி முறுக்கிக்கொள்ளாத நிலைக்கு வந்திருக்கும். ஹெட்ஸ்டாக் புஷ்ஷை ஒழுங்காகச் சுரண்டிப் பொருத்தி, எண்ணெய் விட்டுப் பராமரித்த லேத் இன்றும் நூறில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வேலை தரும். அந்த லேத்தின் குறை வேகம் மாற்றும் இடத்தில் இருக்கிறது. கோன் புல்லியில் மூன்று படி. பேக் கியரோடு சேர்த்தால் ஆறு வேகம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக மோட்டாரை நிறுத்தி, பெல்ட்டைத் தளர்த்தி, கையால் தள்ளி மாட்ட வேண்டும். இரண்டு படிகளுக்கு நடுவே வேகமே கிடையாது. ஒரே பெரிய ஷாஃப்ட் கூரையோரம் சுழல, அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கிய காலத்து ஏற்பாடு அது. பிறகு மெஷினுக்கொரு மோட்டார் வந்தது. கோன் புல்லி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அவசரத்தில் டர்னர் பெல்ட்டை மாற்றுவதில்லை. எந்தப் படியில் கிடக்கிறதோ அதிலேயே வேலையை ஓட்டிவிடுகிறார். டூல் முனை கருகுவதற்கும், முகப்பு சொரசொரப்பாக வருவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஹெச்எஸ்எஸ் டூலில் மைல்டு ஸ்டீல் கடைய, வெட்டும் வேகம் நிமிடத்துக்கு சுமார் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் கம்பிக்கு ஸ்பிண்டில் 380 சுற்று ஓட வேண்டும். 200 மில்லிமீட்டர் ஃபிளாஞ்சுக்கு 48 சுற்றுதான். அந்த ஃபிளாஞ்சின் முகத்தையே வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சீவும்போது, 50 மில்லிமீட்டர் விட்டத்தை அடையும் இடத்தில் 190 சுற்று வேண்டும். ஒரே வேலைக்குள் நான்கு மடங்கு மாற்றம். பெல்ட் படியில் இதற்கு வழியே இல்லை. டிரைவ் இருந்தால், வலது கை டூலை ஓட்ட, இடது கை ஒரு குமிழைத் திருகிக்கொண்டே வரலாம்.

டிரைவ் எப்படி இதைச் செய்கிறது? மும்முனை மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தின் அதிர்வெண் தீர்மானிக்கிறது. நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, பலகையில் போட்டிருப்பதுபோல் 1440 அளவில் ஓடும். 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் வேகம் பாதி. டிரைவ் முதலில் வருகிற ஏசியை டிசியாக மாற்றுகிறது; 415 வோல்ட் உள்ளே போனால் 590 வோல்ட்டை ஒட்டிய டிசி உருவாகும். அந்த டிசியை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, நாம் கேட்கும் அதிர்வெண்ணில் மறுபடி மும்முனை ஏசியாக்கித் தருகிறது. அதிர்வெண் குறையும்போது வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் குறைய வேண்டும், இல்லையென்றால் இரும்புப் பட்டை காந்தப்புலத்தால் நிரம்பி மோட்டார் சூடாகும். 415-ஐ 50-ஆல் வகுத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். அந்தக் கணக்குப்படி 25 ஹெர்ட்ஸில் 207 வோல்ட்.

இந்தத் தத்துவம் தெரிந்த பிறகும், கருவி கைக்கு வர நெடுங்காலம் ஆனது. அணிற்கூண்டுச் சுழலி கொண்ட மும்முனை மோட்டாரை டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி 1889-இல் செய்து காட்டிவிட்டார். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் உருவாக்கிய மோட்டாரை இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று நம் தொழில் வரலாறு கொண்டாடுகிறது. ஆனால் மோட்டாரின் வேகத்தை நினைத்தபடி மாற்ற வேண்டும் என்றால் டிசி மோட்டார்தான் கதி என்ற நிலை நீடித்தது. டென்மார்க்கின் டான்ஃபாஸ் 1968-இல் தொழிற்சாலை அளவில் அதிர்வெண் மாற்றிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அதுவும் பெரிய ஆலைகளுக்கான சாமான்.

சின்னப் பட்டறைக்கு வழிவிட்டது ஐஜிபிடி என்ற குறைகடத்திச் சாவி. அதைக் கண்டறிந்தவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948-இல் சென்னையில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் படித்தவர். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1980-களின் தொடக்கத்தில் அவர் செய்த வேலை அது. அங்கேயும் கேள்வி மோட்டார் வேகத்தைப் பற்றியதாகவே இருந்தது: வெப்பப் பம்புகளின் மோட்டாரைச் செலவு குறைவாக எப்படிக் கட்டுப்படுத்துவது? ஐஜிபிடி அதற்கு விடையானது. 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்று ஒரு கையில் தூக்கக்கூடிய டிரைவுக்குள் பாலிகாவின் சாவிகள் ஆறு உட்கார்ந்திருக்கின்றன. நம் ஊர்ப் பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர் இது.

இனி, இந்த உரையின் மையத்துக்கு வருவோம். டிரைவ் வாங்கிய பட்டறைக்காரர் செய்யும் முதல் காரியம் பெல்ட்டை ஒரு படியில் நிரந்தரமாகப் போட்டுவிட்டு, பேக் கியரை மறப்பது. குமிழைத் திருகினால் வேகம் குறைகிறதே, இனி கியர் எதற்கு என்ற எண்ணம். அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது.

2 ஹெச்பி மோட்டார், அதாவது 1.5 கிலோவாட், 1440 சுற்று. அதன் முறுக்குவிசை சுமார் 10 நியூட்டன்-மீட்டர். டிரைவ் வேகத்தைக் குறைத்தாலும் இந்த 10 அதிகமாகாது, அதே 10-தான். பெல்ட்டின் நடுப்படியில் ஸ்பிண்டில் 400 சுற்று ஓடுகிறது என்றால், 3.6 மடங்கு குறைப்பு. ஸ்பிண்டிலில் 36 நியூட்டன்-மீட்டர் கிடைக்கும். இப்போது அந்த 200 மில்லிமீட்டர் ஃபிளாஞ்சைச் சக்கில் மாட்டி, 2 மில்லிமீட்டர் ஆழம், சுற்றுக்கு கால் மில்லிமீட்டர் ஃபீடு வைத்துக் கடையுங்கள். டூல் முனையில் ஏறத்தாழ ஆயிரம் நியூட்டன், நம் கணக்கில் நூறு கிலோ எதிர்ப்பு வரும். 100 மில்லிமீட்டர் ஆரத்தில் அது 100 நியூட்டன்-மீட்டர் கேட்கிறது. கையில் இருப்பது 36. குமிழைத் திருகி 48 சுற்றுக்கு இறக்கினாலும் அதே 36. சக் நின்றுவிடும், டிரைவ் ஓவர்கரண்ட் காட்டி விழுந்துவிடும். டிரைவ் மட்டமானது என்ற பெயர் அன்றோடு ஊரில் பரவும்.

அதே வேலைக்கு எட்டுக்கு ஒன்று விகிதமுள்ள பேக் கியரைப் போடுங்கள். ஸ்பிண்டில் 50 சுற்றுக்கு வருகிறது, முறுக்குவிசை 288. உராய்வில் கொஞ்சம் போனாலும் 250-க்குக் குறையாது. மோட்டாரோ தன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவை நோக்கிப் போகும்போது வேகத்தைக் கூட்ட வேண்டுமே என்றால், 60 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றலாம்; விட்டம் நன்றாகக் குறைந்த பிறகு பேக் கியரை எடுத்துவிட்டு நேர் பெல்ட்டில் டிரைவைத் தாழ்த்தி ஓட்டலாம். விட்டம் குறைந்துவிட்டதால் அங்கே 36 நியூட்டன்-மீட்டரே போதும். ஆக, பெரிய படிகளைப் பெல்ட்டும் கியரும் பார்த்துக்கொள்ள, படிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை டிரைவ் நிரப்புகிறது. இந்த உறவைப் புரிந்துகொண்ட பட்டறையில் டிரைவ் வருடக்கணக்கில் உழைக்கிறது.

மோட்டாரின் சூடும் இதே பக்கம்தான் நிற்கிறது. மோட்டாரின் பின்புற ஃபேன் அதன் ஷாஃப்டிலேயே இருக்கிறது. 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஃபேனும் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் சோம்பும். காயிலில் ஓடும் கரண்ட் மட்டும் பளுவுக்கு ஏற்றபடி முழுதாக இருக்கும். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழே, பழைய காயில் எவ்வளவு தாங்கும்? தொடர்ந்து பளுவோடு ஓடும் வேலையென்றால் 20, 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதிருப்பது நல்லது. போயே ஆக வேண்டும் என்றால் மோட்டாருக்குப் பின்னால் தனி ஃபேன் ஒன்றைத் தனி இணைப்பில் வைக்க வேண்டும்.

மேல் எல்லையும் உண்டு. டிரைவ் 100 ஹெர்ட்ஸ் காட்டும், ஏன், அதற்கு மேலும் காட்டும். பழைய வார்ப்பிரும்புச் சக்கும் கோன் புல்லியும் அந்த வேகத்துக்காக வார்க்கப்பட்டவை அல்ல. ஹெட்ஸ்டாக்கில் பால் பேரிங் இல்லாமல் வெண்கலப் புஷ் இருந்தால் எண்ணெய்ப் படலம் அறுந்து புஷ் கடித்துக்கொள்ளும். உச்ச அதிர்வெண்ணை 60-இல் பூட்டிவைப்பது பட்டறையில் நிற்கும் எல்லோருக்கும் பாதுகாப்பு.

இன்னொரு ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய லேத்துகள் பலவற்றில் சக், ஸ்பிண்டில் மூக்கில் மரையால் திருகி மாட்டப்பட்டிருக்கும். முன்சுற்றில் வெட்டும் விசை அந்த மரையை இறுக்கிக்கொண்டே இருக்கும். டிரைவை வைத்து ஒரு விநாடியில் நிறுத்தினால், ஸ்பிண்டில் நிற்கும். கனமான சக் தன் ஓட்டத்தில் மரையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வரும். உடனடி ரிவர்ஸ் கொடுத்தாலும் இதே கதை. நாற்பது ஐம்பது கிலோ இரும்பு சுழன்றுகொண்டே பெட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மரைச் சக் உள்ள லேத்துக்குப் பிரேக் ரெசிஸ்டர் வைக்கவே கூடாது. நிற்கும் நேரத்தை நீளமாக வைக்க வேண்டும். நீளமாக வைப்பதில் இன்னொரு நன்மையும் சேர்கிறது. வேகம் குறையும்போது சக்கின் சுழற்சி மோட்டாரை ஜெனரேட்டர் ஆக்கி, மின்சாரத்தைத் திரும்ப டிரைவுக்குள் தள்ளும். மெதுவாக நிறுத்தினால் உள்ளே டிசி எகிறி ஓவர் வோல்ட்டேஜில் டிரைவ் விழாது.

மரை வெட்டுபவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும்: வேகத்தை நடுவில் மாற்றினால் பிட்ச் மாறிவிடாதா? மாறாது. லீட் ஸ்க்ரூ, ஸ்பிண்டிலோடு பல்சக்கரங்களால் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்பிண்டில் மெதுவானால் அதுவும் மெதுவாகும். தோள் வரை வந்து நிற்கும் மரையை வெட்டும்போது கடைசிச் சில சுற்றுகளில் வேகத்தை இறக்கி, நிதானமாக டூலை வெளியே எடுக்கலாம். டிரைவ் தரும் சுகங்களில் டர்னர்களுக்கு மிகவும் பிடித்துப்போவது இதுவாகவே இருக்கும். அதற்கு அடுத்தது, போரிங் பார் நீட்டிக் கடையும்போது வரும் சாட்டரை அடக்குவது. கிர்ரென்று அலறல் எழுந்தால் வேகத்தைப் பத்து சதவீதம் நகர்த்திப் பாருங்கள். பல நேரம் அடங்கிவிடும்.

வயரிங்குக்கு வருவோம். இங்கேதான் பணம் வீணாகிறது.

நம் நாட்டில் 3 ஹெச்பி வரையுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில் வருகின்றன. அதற்கு மேற்பட்டவை டெல்டா. மும்முனை இணைப்பு இருக்கும் பட்டறையில் 415 வோல்ட் டிரைவ் வாங்கினால் 2 ஹெச்பி மோட்டாரில் எதையும் மாற்ற வேண்டாம். வீட்டோரத்துச் சின்னப் பட்டறைக்காரர் ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் டிரைவை வாங்குகிறார். அதன் வெளியீடு மும்முனைதான். ஆனால் 230 வோல்ட்டுக்கு மேல் போகாது. ஸ்டாரில் இருக்கும் 415 வோல்ட் மோட்டாரை அதில் மாட்டினால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் சுற்றும், வேலை செய்யாது. அதே மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றினால் ஒவ்வொரு காயிலுக்கும் அதற்குரிய வோல்ட்டேஜ் கிடைத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், பழைய மோட்டார்களில் டெர்மினல் பெட்டிக்குள் மூன்று வயர்தான் வந்திருக்கும். ஸ்டார் முடிச்சு உள்ளே, காயில் தலைப்பில், வார்னிஷுக்கு அடியில் புதைந்திருக்கும். அதைத் தேடிப் பிரித்து, மூன்று முனைகளையும் வெளியே கொண்டுவந்து, ஆறு வயராக்கித் தர வேண்டும். இது காயில் கட்டுகிறவரின் கைவேலை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பம்புசெட் மோட்டார் கட்டிக் கட்டிக் கை தேர்ந்தவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. டிரைவ் விற்கிற கடைக்காரர் இதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

டெல்டாவில் 1.5 கிலோவாட் மோட்டார் ஏறத்தாழ 6 ஆம்பியர் எடுக்கும். டிரைவோ ஒருமுனைப் பக்கம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக இழுக்கும். வீட்டு வயரில் தட்டி ஓட்டிவிடலாம் என்று நினைப்பது இரண்டு விதத்தில் தவறு. வயர் தாங்காது. வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும். தொழிலுக்கான இணைப்பை மின்வாரியத்தில் கேட்டுப் பெறுவதே சரி.

5 ஹெச்பி, 7.5 ஹெச்பி லேத் வைத்திருப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை. அங்கே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கும். டிரைவை அதற்கு முன்னால் மாட்டி, ஸ்டார்ட்டரைப் பின்னாலேயே விட்டுவிடுவார்கள். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்குத் தாவும் அந்தக் கணத்தில் ஐஜிபிடி போய்விடும். ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, மோட்டார் முனைகளை நிரந்தர டெல்டாவாக இணைக்க வேண்டும். லேத்தின் முன்-பின் டிரம் ஸ்விட்ச்சும் அப்படித்தான்: மோட்டார் வயரில் அதற்கு இனி இடமில்லை. அதே ஸ்விட்ச்சை டிரைவின் சிறு வோல்ட்டேஜ் கன்ட்ரோல் முனைகளுக்குக் கொண்டுபோகலாம். டர்னரின் கைப்பழக்கம் கெடாது. பவர் ஃபேக்டருக்காக மோட்டாரோடு கட்டியிருக்கும் கெப்பாசிட்டரைக் கட்டாயம் கழற்ற வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கெப்பாசிட்டர் இருந்தால் டிரைவ் ஒரு நாள்கூடத் தாங்காது.

பழைய காயிலைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது: டிரைவில் போட்டால் காயில் எரிந்துவிடும் என்று. பாதி உண்மை. டிரைவிலிருந்து வருவது வழவழப்பான மின்னோட்டம் அல்ல, கூர்மையான துடிப்புகள். வயர் நீளமாக இருந்தால் மோட்டார் முனையில் அந்தத் துடிப்பு எதிரொலித்து இரு மடங்கு வரை, ஆயிரம் வோல்ட்டுக்கு மேலேயே, எழும்பலாம். முதல் சில சுற்றுகளில் எனாமல் அடிவாங்கும். லேத்தில் வயர் நீளம் இரண்டு மூன்று மீட்டர்தான் என்பதால் ஆபத்து குறைவு. நூற்பாலையில் பேனல் ஒரு மூலையில், மோட்டார் ஐம்பது மீட்டரில் என்றால் நடுவே சோக் வேண்டும். எப்படியிருந்தாலும் டிரைவ் வாங்கும் முன் 500 வோல்ட் மெகர் வைத்துக் காயிலைச் சோதிக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் முதல் செலவு மோட்டாருக்கு. சோதிக்கும்போது டிரைவைக் கழற்றிவிட்டே மெகரைச் சுற்ற வேண்டும். மாட்டிக்கொண்டு சுற்றினால் டிரைவ் போய்விடும்.

மில்லில் கழித்துப்போட்ட டிரைவ் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் ஒரு வருடத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் பலவீனப்பட்டிருக்கும். நேராக முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் வெடிக்கக்கூடும். குறைந்த வோல்ட்டேஜில் தொடங்கி, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றி அவற்றை உயிர்ப்பிக்க வேண்டும். பஞ்சுத் தூசு அடைத்த ஃபின்களையும் கழுவிச் சுத்தமாக்க வேண்டும். லேத் பட்டறையில் பஞ்சுக்குப் பதில் வார்ப்பிரும்புத் தூள் பறக்கும். அது மின்சாரம் கடத்தும். எனவே மூடிய பெட்டி, அதற்கு ஃபில்டர் வைத்த ஃபேன், மேலும் கீழும் ஒரு சாண் காற்றிடம்.

மின்கட்டணம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: லேத்தில் பெரிதாகக் குறையாது. மிச்சம் வேறு இடங்களில் இருக்கிறது. காற்றை ஓட்டும் ஃபேனில் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 51 சதவீதமாகிவிடும். வேகத்தின் மும்மடிக் கணக்கு அது. நூற்பாலையின் ஈரப்பதமூட்டும் நிலையத்தில் பெரிய ஃபேன்கள் இரவும் பகலும் சுற்றுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையடிவாரக் காற்று குளிர்ந்து கிடக்கும்போது அவ்வளவு காற்று தேவையில்லை. அங்கே டிரைவ் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். நூல் முறுக்கும் ரிங் ஃபிரேமில் காரணம் வேறு: காப் அடியில் தொடங்கும்போதும் நுனியில் முடிக்கும்போதும் நூலின் இழுவிசை ஏறி இழை அறும், அந்த இரண்டு இடங்களில் வேகத்தைத் தணித்து, நடுவில் கூட்டினால் அறுபடல் குறையும்.

எல்லா மெஷினுக்கும் டிரைவ் பொருந்தும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாடா ஓடும் விசைத்தறி அதற்குச் சாட்சி. நாடாவை அடிக்கும் வேகம் தறியின் வேகத்திலிருந்தே பிறக்கிறது. தறியை மிகவும் மெதுவாக்கினால் நாடா மறுபக்கப் பெட்டியை எட்டாமல் நடுவில் சிக்கும், தறி அடித்துக்கொண்டு நிற்கும். பேண்டேஜ் துணித் தறிக்கு மெதுவான தொடக்கமும் கெடுதல். முதல் அடியே முழு வேகத்தில் விழ வேண்டும். அங்கே பழைய ஸ்டார்ட்டரும் கிளட்சும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவாவைச் சொல்லாமல் எப்படி? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். விறகடுப்பில் கையால் கிண்டுவதே அதன் மரபு. மோட்டார் வைத்த கிளறி ஒன்றைப் பொருத்துபவருக்கு லேத்தின் பாடம் அப்படியே உதவும். தொடக்கத்தில் பால் நீர்த்திருக்கும், எளிதாகச் சுற்றும். சுண்டச் சுண்டக் கெட்டிப்பட்டு, அடிபிடிக்கும் தறுவாயில்தான் மிகுந்த விசை வேண்டும், அதுவும் மெதுவான சுற்றில். வார்ம் கியர் பெட்டியை எடுத்துவிட்டு டிரைவை மட்டும் நம்பினால், மிக முக்கியமான அந்தக் கட்டத்தில் கிளறி நின்று பால் தீய்ந்துவிடும். கியரை வைத்துக்கொண்டு டிரைவைச் சேர்த்தால் இன்னொரு பயன்: டிரைவின் திரையில் ஆம்பியர் ஏறிக்கொண்டே வருவது கெட்டித்தன்மையின் அளவு. பதம் தெரிந்த மாஸ்டர் தன் கண்ணுக்கும் கைக்கும் துணையாக அந்த எண்ணையும் குறித்துவைக்கலாம்.

பாதுகாப்பு பற்றி மூன்று காரியங்கள் மறக்கக் கூடாதவை. மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது டிரைவ் தானாக ஓடத் தொடங்கும் அமைப்பை அணைத்துவைக்க வேண்டும். சக்கில் ஒருவர் கையை வைத்துக்கொண்டிருக்கலாம். அவசரத்தில் நிறுத்தும் சிவப்புக் காளான் பொத்தான் டர்னரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிரைவைத் திறக்கும் முன் மெயினை அணைத்த பிறகும் ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்து டிசி வடிந்துவிட்டதைப் பார்க்க வேண்டும். 590 வோல்ட் டிசி யாரையும் விடாது. இந்த மூன்றிலும் சிக்கனம் பார்க்கும் பட்டறைக்கு டிரைவ் தேவையே இல்லை.

இந்த வேலையை நம் ஊரிலேயே செய்து முடிக்க ஆட்கள் உண்டு. காயில் கட்டுகிறவருக்கு ஸ்டார்-டெல்டா தெரியும். டர்னருக்கு எந்த வேலைக்கு என்ன வேகம் என்று தெரியும். எலக்ட்ரீஷியனுக்கு பேனல் தெரியும். மூவரும் ஒரே லேத்தின் முன் ஒன்றாக நிற்பதுதான் அரிதாக இருக்கிறது. ராஜபாளையத்தில் 1963 முதல் இயங்கும் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக், கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் என இரண்டு பக்கமும் மாணவர்கள் இருக்கிறார்கள். கடைசி ஆண்டுப் புராஜெக்டுக்கு மேசை மேல் ஒரு புது மோட்டாரைச் சுற்றவிடுவதற்குப் பதிலாக, ஊரில் நிற்கும் ஒரு பழைய லேத்தை எடுத்துக்கொண்டால் பட்டறைக்கும் பலன், மாணவருக்கும் கைப்பழக்கம்.

அவர்கள் முதலில் செய்ய வேண்டியது அளப்பது. டிரைவ் மாட்டும் முன், வழக்கமான வேலைகளில் மோட்டார் எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்து எழுத வேண்டும். மாட்டிய பின் டிரைவில் வைத்த எண்களை, அதாவது மோட்டார் வோல்ட்டேஜ், ஆம்பியர், சுற்று, தாழ்ந்த அதிர்வெண், உச்ச அதிர்வெண், ஏறும் நேரம், இறங்கும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி பேனல் கதவின் உட்புறம் ஒட்ட வேண்டும். பேக் கியர் எந்த விட்டத்துக்கு மேல் கட்டாயம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். மாட்டிய ஆள் ஊரில் இல்லாத நாளில் டிரைவ் நின்றால், அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு அந்தத் தாள் போதும். அரை மணியில் லேத் மறுபடி ஓடும்.